இவர் என்னை மன்னித்தது

டாக்டர் ‘திராட்சை’ என்று சொன்னபோது இவர் பக்கத்தில் இல்லை. அடையாறில் நாய் டாக்டரின் கிளினிக் இருக்கிற சந்தில் கார் நிறுத்த இடம் கிடைக்காமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். இடம் மட்டும் கிடைத்திருந்தால் அந்த வார்த்தை இவர் காதிலும் விழுந்திருக்கும், எல்லாம் அன்றைக்கே நடந்து முடிந்திருக்கும், நான் இத்தனை சீரழிந்திருக்க வேண்டாம். மெட்ராஸில் கார் வாங்குகிறவர்களை நிற்க வைத்துக் கேட்க வேண்டும்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர் ராஜகோபாலன். ஹைகோர்ட் வக்கீல். போன வருஷம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு கறுப்புக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, மயிலாப்பூரில் எங்கள் ஃப்ளாட்டில் நாயே கதி என்று உட்கார்ந்திருந்தவர். நாய் எங்கள் பிள்ளை அனிருத்துடையது. லாப்ரடார் குட்டியாக வாங்கி வந்து ப்ரூனோ என்று பெயர் வைத்தான். வேலை கிடைத்ததும் கனடாவுக்குப் போய்விட்டான். ஊரில் பேரனை விட்டுவிட்டுப் போவார்கள், இவன் நாயை விட்டுவிட்டுப் போனான். “ஆத்துக்குள்ள நாயா? சாளக்ராமம் இருக்கற எடத்துலயா?” என்று குதித்தவர் இவர்தான். ஒரு மாசத்தில் அதற்குப் புருஷோத்தமன் என்று பெயரை மாற்றி, “வாடா என் கண்ணே” என்று கொஞ்சியவரும் இவர்தான். என்னை ஒரு நாளாவது அப்படிக் கூப்பிட்டிருப்பாரா!

“ரெண்டு கிட்னியும் போயிடுச்சும்மா,” என்றாள் டாக்டர் சிந்து. என் பிள்ளையைவிடச் சின்னவள். “எலி மருந்து மாதிரி தெரியலை. சாப்பாட்டுல ஏதாவது கொடுத்தீங்களா? சாக்லேட், வெங்காயம்?”

“எங்காத்துல வெங்காயம் பூண்டே கிடையாது,” என்றேன். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. கர்மம்.

“திராட்சை? பொங்கல்ல, பாயசத்துல போடுவீங்களே, உலர்ந்த திராட்சை. அது நாய்க்கு விஷம்மா. சில நாய்க்கு ஒண்ணும் ஆகாது, சில நாய்க்குக் கொஞ்சமே போதும். இத்தனை நாள் தாங்கின நாய்க்கே ஒரு நாள் தாங்காம போயிடும்.”



வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் சர்க்கரைப் பொங்கல் நைவேத்யம் உண்டு. பூஜை முடிந்ததும் இவர் திராட்சை டப்பாவை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிடுவார். ஒவ்வொன்றாக மேலே வீசுவார்; அது துள்ளி வாயால் கவ்வும். நெற்றியில் விபூதி ஈரம் காயாத மனுஷர், கோர்ட்டில் ஜட்ஜையே முறைத்தவர், சின்னக் குழந்தை மாதிரி கைகொட்டிச் சிரிப்பார். அந்த வாரம் ஆடி வெள்ளி. புது பாக்கெட் பிரித்திருந்தேன். இவருக்கும் குஷி, அதற்கும் குஷி. “போறும்னா, அதுக்கு வயித்தால போகப் போறது,” என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தேன். “சுவாமிக்குக் காட்டினது, ஒண்ணும் பண்ணாது போடி,” என்றார். மறுநாள் வாந்தி. அதற்கு மறுநாள் அது எழுந்திருக்கவே இல்லை.

நான் அந்தப் பெண்ணின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். “டாக்டர், அவர்கிட்ட இதைச் சொல்லாதேங்கோ. அவர் கையாலதான் குடுத்தார். நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சிருக்கு. இது தெரிஞ்சா மனுஷர் உயிரோட இருக்க மாட்டார்.”

“மறைச்சா எப்படிம்மா? தெரிஞ்சாத்தானே இன்னொரு நாய்க்குக் கொடுக்காம இருப்பாங்க?”

“எங்காத்துக்கு இன்னொரு நாய் வராது. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்.”

அவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். வியர்த்துக் கொட்ட இவர் உள்ளே நுழைந்தபோது, “கிட்னி ஃபெயிலியர் சார், முயற்சி பண்றோம்,” என்று மட்டும் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள்.

அடுத்த நாள் சாயங்காலம் கிளினிக்கிலேயே அது போய்விட்டது. போவதற்கு முன்னால் இவர் ஒரு காரியம் செய்தார். எங்கள் வீட்டில் கங்கை ஜலச் சொம்பு ஒன்று இருந்தது. காசிக்குப் போனபோது வாங்கி, மூடி அடைத்தபடியே பூஜை அலமாரியில் வைத்திருந்தோம். எங்கள் இருவரில் முதலில் போகிறவர் வாயில் ஊற்றுவதற்கு. இவர் அதை ஒரு துணிப்பையில் வைத்து எடுத்து வந்திருக்கிறார், எனக்குத் தெரியாது. மூடியைக் கத்தியால் நெம்பித் திறந்து, அதன் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டார். அது விழுங்கவில்லை, வழிந்து இவர் வேட்டியெல்லாம் நனைந்தது. “கண்ணா, நான் இங்கேதான் இருக்கேன்டா,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் சுவரைப் பார்த்து நின்றேன். அழக்கூட பயமாக இருந்தது. அழுதால் வாயிலிருந்து உண்மையும் சேர்ந்து வந்துவிடுமோ என்று பயம்.

எனக்கு மட்டும் துக்கம் இல்லையா? என் சமையலறை வாசல்படியைத் தாண்டக் கூடாது என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அதற்கப்புறம் ஆயுசுக்கும் தாண்டவில்லை. முன்னங்கால் இரண்டையும் படிமேல் வைத்துக்கொண்டு, நான் தாளிக்கிற வரை பார்த்துக்கொண்டே படுத்திருக்கும். பெற்ற பிள்ளை என் சொல்லை அந்த மாதிரி கேட்டதில்லை. அது போன பிறகும் அந்த வாசல்படியருகில் கால் எடுத்து வைக்கும்போது ஒதுங்கித்தான் வைத்தேன். ஆனால் வீட்டில் துக்கம் விசாரித்தவர்கள் எல்லாரும் இவரைத்தான் விசாரித்தார்கள்.

இவர் சாப்பிடவில்லை, பூஜை பண்ணவில்லை. ஹாலில் உட்கார்ந்துகொண்டு ஒரே கேள்வி: “நேத்திக்கு ஓடி ஆடிண்டிருந்த ஜீவன்டி. கிட்னி எப்படிப் போகும்? நாம என்ன குடுத்தோம்?” அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் எழுந்து குக்கரைப் பார்க்கப் போய்விடுவேன், அடுப்பில் குக்கர் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

பாவி மனுஷர், பதிலைத் தானே கண்டுபிடித்துவிட்டார். கார் நிறுத்துகிற இடத்தில், மோட்டார் ரூமுக்குப் பின்னால், ஒரு தட்டில் எலி மருந்து இருந்ததைப் பார்த்திருக்கிறார். வைத்தது யார் என்று விசாரித்தால், வாட்ச்மேன் அக்பர் பாஷா. அவ்வளவுதான். மாட்டி வைத்த கோட்டை மறுபடியும் போட்டுக்கொண்ட மாதிரி ஆகிவிட்டார். சாப்பிட்டார், தூங்கினார், ஃபோட்டோ எடுத்தார், அசோசியேஷன் செக்ரட்டரி சாய்சரணுக்கு மெயில் அனுப்பினார். பாஷாவை வேலையிலிருந்து நீக்க வேண்டும், போலீஸில் புகார் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்.

எங்கள் ஃப்ளாட்டில் இருக்கிறவர்கள் எத்தனை சீக்கிரம் நம்பினார்கள் தெரியுமா? “நான் அப்பவே நெனச்சேன் மாமி” என்கிறாள் மூன்றாவது மாடிக்காரி. அவளுக்குச் சாமான் தூக்கி வந்து கொடுத்தது யார்? பாஷா. லிஃப்ட் நின்றுபோனபோது அவள் மாமியாரை நாற்காலியோடு தூக்கி இறக்கியது யார்? பாஷா. அவன் பெயர் ராமசாமியாக இருந்திருந்தால் இவளுக்கு அப்பவே நினைப்பு வந்திருக்குமா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்க எனக்கு என்ன யோக்யதை? என் வாயைத்தான் நானே தைத்து வைத்திருக்கிறேனே.

மீட்டிங்குக்கு முதல் நாள், இவர் குளிக்கப் போன நேரம் பார்த்து பாஷா வாசலில் வந்து நின்றான். செருப்பைக் கழற்றி மாடிப்படியிலேயே விட்டிருந்தான்.

“மாமி, நீயாவது சார்கிட்ட சொல்லு மாமி. செக்ரட்டரி வெக்க சொன்னாரு, நான் வெச்சேன். அது கூட மோட்டார் ரூம்புக்குப் பின்னால, நாயி பூர முடியாத சந்துல வெச்சேன். புரூனோ என்னாண்டதான் குந்திகினு இருக்கும், அதுக்குப் போய் நான் வெப்பனா? என் புள்ள மேல ஆணையா இல்ல மாமி.”

“நேக்குத் தெரியும் பாஷா.”

“போலீஸ்னு சொல்றாங்கோ. திருவல்லிக்கேணில நான் கீற எடத்துல ஒருத்தன் மூஞ்சி குடுத்து பேச மாட்டான். என் பேரு போச்சுனா வேற எவன் வேல குடுப்பான்?”

அவன் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சொல்வார்கள். அந்தப் பழி என் வாசல் மிதியடிமேல் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தது. பாவம் உள்ளே குழாயைத் திறந்துவிட்டு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு குளித்துக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொன்னால் இவர் போய்விடுவார். சொல்லாவிட்டால் அவன் குடும்பம் தெருவுக்கு வரும். நான் எத்தனை புரட்டிப் பார்த்தும் மூன்றாவதாக ஒரு வழிதான் இருந்தது, அந்த வழியில் நான் நின்றேன்.

மீட்டிங்கில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். பாஷா தூணோரம் நின்றான். இவர் எழுந்து, “கிட்னி ஒரே நாள்ல எப்படிப் போகும்? விஷம். விஷம் எங்கே இருந்தது? இங்கே. வெச்சது யார்?” என்று தொடங்கினார். சாய்சரண் செல்ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தான். வைக்கச் சொன்னது நான்தான் என்று அந்தக் கோழைக்கு வாய் வரவில்லை. 

“நான்தான் குடுத்தேன்,” என்றேன்.

இவர் திரும்பினார். “என்னது?”

“என் மூட்டுவலி மாத்திரை. அது காலை நொண்டிண்டு நடந்தது. வலிக்கறதேன்னு குடுத்தேன். அதுதான் கிட்னியை அடிச்சுடுத்துன்னு டாக்டர் சொன்னா. உங்ககிட்ட சொல்லப் பயமா இருந்தது.”

வக்கீல் இல்லையா, குறுக்கு விசாரணை பண்ணினார். எப்போது? எதில் வைத்து? எத்தனை மாத்திரை? தயிர்சாதத்தில் பிசைந்து, ரெண்டு வேளை, என்று பதில் சொன்னேன். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாமென்றால், ஒரு பொய் சொல்லி ஒருத்தன் சோற்றைக் காப்பாற்றக் கூடாதா? அத்தனை சரளமாகப் பொய் வரும் என்று எனக்கே தெரியாது.

இவர் பாஷாவிடம் போய்க் கைகூப்பினார். “மன்னிச்சுக்கோப்பா. எங்காத்துத் தப்பு.” அதைச் சொல்ல இவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த விஷயத்தில் இவர் பெரிய மனுஷர்தான்.

வீட்டுக்கு வந்தால் பாத்திரம் பறக்கும், கத்துவார், அப்புறம் ஓய்ந்துவிடுவார் என்று நினைத்தேன். நல்ல அடியாக நாலு அடி வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் படியேறினேன். இவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் தலையைத் தொட்டு, “தெரியாமத்தானே பண்ணினே, காமு. நான் உன்னை மன்னிச்சுட்டேன்,” என்றார். 

ஐயோ, அந்த மன்னிப்பு! திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். மன்னிப்பை என்ன செய்வது? வருகிறவர்களிடமெல்லாம், “பாவம், அவ தெரியாம பண்ணினது, யாரும் அவளை ஒண்ணும் கேக்காதேங்கோ,” என்று எனக்காகப் பரிந்து பேசுவார். மாத்திரை டப்பாவை எடுத்துத் தன் அலமாரியில் பூட்டினார். காக்காய்க்குச் சாதம் வைக்கப் போனால் பின்னாலேயே வந்து, அந்த உருண்டையை ஒரு பார்வை பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார், பார்ப்பார். அனிருத் வீடியோவில் வந்து, “எப்படிம்மா? ஒரு ஃபோன் பண்ணிக் கேட்டிருக்கலாமே?” என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்கப்புறம் அப்பாவிடம் மட்டும்தான் பேச்சு. இவர் தேறினார், உண்மை. மறுபடி பூஜை பண்ணினார். நெஞ்சுக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டரே சொன்னார். இதற்காகத்தானே செய்தேன் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்வேன். ஆனால் சில சமயம், இவர் கருணையோடு என்னைப் பார்க்கும்போது, கையிலிருக்கும் கரண்டியை விட்டெறிந்து, “உம்ம கைதான் ஐயா, உம்ம கை!” என்று கத்தத் தோன்றும். கரண்டியைக் கழுவி வைப்பேன்.

பொங்கலில் திராட்சை போடுவதை நிறுத்திவிட்டேன். விலை ஏறிவிட்டது என்றேன். முந்திரி மட்டும் ஏறவில்லையா என்று இவர் கேட்கவில்லை, நல்ல வேளை.

ஆவணி பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை. பூஜை முடித்துச் சட்டையை மாட்டிக்கொண்டு இவர் சொன்னார்: “உன் கையால ஒரு ஜீவன் போயிடுத்து. அதுக்கு ஒரு பரிகாரம் பண்ணணும்னு எனக்கு மனசுல இருந்துண்டே இருக்கு. நீ ஒண்ணும் பண்ண வேண்டாம், உன் சார்பா நானே பண்றேன். குளத்தங்கரையில நாலஞ்சு தெருநாய் இருக்கு. வாராவாரம் அதுகளுக்கு ஏதாவது போடறேன்.”

சந்தோஷமாகத்தான் இருந்தது எனக்கு. தயிர்சாதம் பிசைந்து டப்பாவில் கொடுத்தேன். இவர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார். கொஞ்ச நேரம் கழித்து, மாடிக் குப்பையைக் கொண்டுபோக வந்த பாஷா வாசலில் நின்றான்.

“சாரு இன்னா மாமி, தயிர்சாதத்த அப்டியே கேட்டாண்ட காக்காவுக்குக் கொட்டிட்டாரு. தெரு மூலைல கீற கடைல திராட்ச பாக்கெட்டு வாங்கிகினு போறாரு. புரூனோக்கு ரொம்பப் புடிக்குமாமே, அதான்னாரு.”

செருப்பு போட்டேனோ இல்லையோ, தெரியவில்லை. முட்டிவலி என்று மாடிப்படிக்கு அழுகிறவள் மாட வீதியில் ஓடினேன். வெள்ளிக்கிழமைக் கூட்டம், பூக்கூடைகள், ஆட்டோ. ஒரு காய்கறிக்காரி, “இன்னா மாமி, யாருக்கு இன்னா ஆச்சு?” என்று கத்தினாள். ஓடும்போதே எனக்குள் ஒரு குரல்: தெருநாய்தானே, போனால் போகட்டும், திரும்பிப் போ, இவர் நெஞ்சைப் பார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கால் ஒரு நிமிஷம் நின்றும்விட்டது. எதிரே இவர் தெரிந்தார்.

குளத்துக் கம்பிவேலி ஓரமாக நின்று, இவர் ஒன்றை மேலே வீசினார். காது கிழிந்த ஒரு செம்பட்டை நாய் எகிறிக் கவ்வியது. புருஷோத்தமன் போன பிறகு இந்த முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன். அந்தச் சிரிப்புக்காகவாவது சும்மா இருந்திருக்கலாம். பக்கத்தில் இரண்டு குட்டிகள் வாலை ஆட்டிக்கொண்டு தங்கள் முறைக்குக் காத்திருந்தன.

“போடாதேங்கோ!” பாக்கெட்டைப் பிடுங்கினேன். திராட்சை தரையில் சிதறியது. குட்டிகள் பாய்ந்தன, காலால் எட்டி உதைத்து விரட்டினேன். 

“உனக்குப் பைத்தியமா? ஆசையா சாப்பிடறது...”

“விஷம்னா அது. நாய்க்கு விஷம். அன்னிக்கு டாக்டர் அதைத்தான் சொன்னா. நீங்க கார் நிறுத்தப் போயிருந்தேள்.”

இவர் தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோர்ட்டில் தன் சாட்சியே காலை வாரும்போது இவர் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது, இப்படித்தான் இருந்திருக்கும்.

“அந்த மாத்திரை?”

“நான் மாத்திரையே குடுக்கலை.”

“அப்போ ஆடி வெள்ளிக்கு...”

நான் தலையை ஆட்டினேன். என் கை தானாகவே இவர் நெஞ்சுக்கு நேரே போய் நின்றது, விழுந்தால் தாங்க. இவர் விழவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

“நான் உன்னை மன்னிச்சேனேடி,” என்றார். “எல்லார்கிட்டயும் சொன்னேனே.”

இத்தனை நாள் நெஞ்சில் முட்டிக்கொண்டிருந்த அத்தனை வசவும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. “பரவாயில்லைன்னா,” என்றேன். இவர் அதைக் கேட்கவில்லை. செம்பட்டை நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது இவரைப் பார்த்து வாயைப் பிளந்து, அடுத்தது எப்போது என்று நின்றது. 

இவர் அப்படியே நடுத்தெருவில் மண்டி போட்டார். மடி வேட்டி, புழுதி, எதையும் பார்க்கவில்லை. அதன் தாடையைப் பிடித்துத் திறந்து, வலது கை விரலை உள்ளே விட்டார். “துப்புடா. துப்பு, கண்ணா. துப்பிடு.” ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். கூட்டம் கூடியது. யாரோ, “பெரியவரே, கடிச்சிடும், விடுங்க,” என்றார்கள். நாய் கடிக்கவில்லை, விளையாட்டு என்று நினைத்ததோ என்னவோ, இவர் கையை நக்கியது. அது எப்போதோ விழுங்கிவிட்டது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து இவர் தோளைப் பிடித்து இழுத்தேன். இவர் எழுந்திருக்கவில்லை, அதன் வாய்க்குள் தேடிக்கொண்டே இருந்தார்.